செட்டிநாட்டு வீட்டு விசேஷத்தைக் குப்பையில்லாமல் நடத்த: முதல்முறை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு, ஊரில் பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீட்டைத் திறந்து அங்கே கல்யாணமோ அறுபதாம் கல்யாணமோ நடத்த நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். விசேஷம் முடிந்த மறுநாள் வீட்டுக்குப் பின்னால் பாட்டிலும் பேப்பர் கப்பும் எச்சில் இலையும் மலையாகக் கிடப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்கள் வீட்டு அறுபதாம் கல்யாணத்தை அப்படி இல்லாமல் நடத்திப் பார்ப்பது என்று இறங்கியபோது, யாரைக் கேட்பது, எந்த ஆபீசில் என்ன காகிதம் கொடுப்பது, எதற்கு எவ்வளவு நாள் முன்னால் சொல்லி வைப்பது என்று சொல்ல ஆள் இல்லாமல் ரொம்ப அலைந்தேன். நீங்கள் அலைய வேண்டாம்.

கணக்குக்காக 300 பேர், மூன்று வேளைச் சாப்பாடு என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் எண்ணிக்கைக்குத் தக்கபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் இலக்கை வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள் (மூன்று மாதம் முன்பு)

குப்பையில்லா விசேஷம் என்றால் ஒரு துண்டுக் குப்பைகூட வராது என்று பொருளில்லை. சர்வதேச அளவில் இதற்கென்று உள்ள குப்பையில்லாக் கூட்டணி, நிறுவனங்களுக்கும் ஊர்களுக்கும் வைத்திருக்கும் அளவு 90 சதவீதம். அதாவது உண்டாகும் கழிவில் குறைந்தது 90 சதவீதம் குப்பைக் கிடங்குக்கும் போகாமல், எரிக்கப்படாமலும் இருக்க வேண்டும். எரித்ததை அந்த 90 சதவீதக் கணக்கில் அவர்கள் சேர்ப்பதில்லை. எரித்துவிட்டால் குப்பை தீர்ந்தது என்று நம் ஊரில் நினைக்கிறோமே, அந்த நினைப்பை முதலில் விட வேண்டும்.

வரிசை முக்கியம். தேவையில்லாததை வேண்டாம் என்பது முதல். தேவையானதைக் குறைப்பது அடுத்தது. அப்புறம் கழுவித் திரும்பப் பயன்படுத்துவது, அதன்பின் மறுசுழற்சிக்குக் கொடுப்பது, மீதியை மக்க வைப்பது. பலரும் கடைசி இரண்டிலேயே ஆரம்பிக்கிறார்கள். கலர் கலராகத் தொட்டி வாங்கி வைக்கிறார்கள், தொட்டிக்குள் விழுவது என்னவோ அதேதான். என் அனுபவத்தில் முக்கால் பங்கு வேலை சமையல்காரருக்கும் பந்தல்காரருக்கும் நீங்கள் எழுதிக் கொடுக்கும் ஆர்டர் சீட்டிலேயே முடிந்துவிடுகிறது.

வீட்டுப் பெரியவர்களை இந்தப் பேச்சில் கட்டாயம் உட்கார வையுங்கள். “தண்ணி பாட்டில் வைக்கலேன்னா வந்தவங்க குறைவா நினைப்பாங்க” என்று ஒருவர் சொல்வார். அதே பெரியவர்தான், பழைய நாளில் செம்பில் தண்ணீர் வைத்துப் பந்தி விசாரித்ததையும் சொல்வார். அவரைப் பேச விடுங்கள்.

2. பங்காளிகளிடம் சொல்லிவிட்டுச் சாமான் அறையைத் திறங்கள்

வீடு பொது வீடாக இருந்தால் பங்காளிகள் சம்மதம் வேண்டும். தேதி, எந்தக் கட்டுவரை (முன்பின்னாக அமைந்த வீட்டுப் பகுதி) பயன்படுத்தப் போகிறீர்கள், எந்தப் பாத்திரங்களை எடுக்கப் போகிறீர்கள், தோட்டத்தில் எங்கே குழி வெட்டப் போகிறீர்கள் என்று எல்லாவற்றையும் எழுதி வாட்ஸ்அப்பிலாவது அனுப்பிச் சரி என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். குழி விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் பின்னால் வருத்தம் வரும்.

அப்புறம் சாமான் அறை. இது நமக்குக் கிடைத்த பெரிய வசதி. ஆச்சிமார்கள் சீராகக் கொண்டுவந்த எவர்சில்வர் டம்ளர், பித்தளை அண்டா, தாம்பாளம், வாளி, கரண்டி என்று ஒரு ஊருக்கே போதுமான சாமான் பல வீடுகளில் சும்மா கிடக்கிறது. பந்திப்பாயும் இருக்கும். அதை எடுத்து உதறி, ஒரு நாள் வெயிலில் போட்டுப் பாருங்கள். பூச்சி அரிக்காமல் நன்றாக இருந்தால் ஒரு பந்தியையாவது பட்டாலைக் கூடத்தில் தரையில் பாய் விரித்துப் போடலாம். மேசை வாடகையும் மிச்சம், மேசைக்கு விரிக்கும் தாளும் மிச்சம். முட்டி வலிக்காரர்களுக்கு மட்டும் மேசை போடுங்கள்.

எடுக்கும் ஒவ்வொரு பாத்திரத்தையும் நோட்டில் எழுதுங்கள். நம் பாத்திரங்களில் விளிம்புக்குக் கீழே முன்னெழுத்து வெட்டியிருப்பார்கள். பித்தளையில் களிம்பு படிந்து தெரியாவிட்டால் புளி போட்டுத் தேய்த்தால் எழுத்து தெரியும். அந்த எழுத்து வாரியாகவே நோட்டில் பக்கம் பிரித்து எழுதினால், யார் வீட்டு அண்டா யாரிடம் போயிற்று என்ற பேச்சு வராது. டம்ளர் எண்ணிக்கை, ஒரு பந்தியில் உட்காருபவர்களைப்போல் இரண்டு மடங்கு இருக்க வேண்டும். 100 பேர் பந்தி என்றால் 200. ஒரு பாதி பந்தியில் இருக்கும்போது மறுபாதி கழுவிக் காயும்.

3. பித்தளைக்கு ஈயம் (இரண்டு மாதம் முன்பு)

பித்தளையில் சாம்பார், ரசம், புளிக்குழம்பு எதை வைப்பதானாலும் உள்ளே ஈயம் (வெள்ளீயம்) பூசியிருக்க வேண்டும். ஈயம் போன பாத்திரத்தில் புளி பட்டால் செம்பு கரைந்து சாப்பாட்டில் இறங்கும், குமட்டலும் வாந்தியும் வரும். பல வருஷம் பூட்டிக் கிடந்த பாத்திரத்தைக் கழுவிவிட்டு அப்படியே அடுப்பில் ஏற்றிவிடாதீர்கள்.

ஈயம் பூசுகிறவர்கள் இப்போது குறைவு. முகூர்த்த மாதங்களில் கிடைப்பது கஷ்டம். இரண்டு மாதம் முன்பே சொல்லி வையுங்கள். பாத்திரத்தின் அளவையும், அன்றைய ஈய விலையையும் பார்த்துக் கூலி சொல்வார்கள். பூசுவது சுத்தமான வெள்ளீயம்தானா என்று கேட்டு, முடிந்தால் கட்டியை நீங்களே வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் இருந்து பாருங்கள். காரீயம் கலந்தால் உடம்புக்கு நஞ்சு. உள்பக்கம் முழுதும் ஒரே வெள்ளையாக, அடியிலும் மூலையிலும் மஞ்சள் தெரியாமல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். பால், பாயசம், புளி சேர்க்கும் பண்டங்களுக்குப் பித்தளையே வேண்டாம் என்றால் எவர்சில்வர் அண்டா வாடகைக்குக் கிடைக்கிறது. அதுவும் கழுவித் திரும்பப் பயன்படுவதுதானே.

4. சமையல்காரரோடு எல்லாவற்றையும் எழுத்தில் பேசுங்கள் (இரண்டு மாதம் முன்பு)

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். வாய்ப்பேச்சில் எல்லோரும் “சரிங்க ஆச்சி, ஒண்ணும் பிளாஸ்டிக் வராது” என்பார்கள். விசேஷத்தன்று காலையில் வேனைத் திறந்தால் பேப்பர் கப் பெட்டியும் மேசை ரோலும் இறங்கும். எங்களுக்கும் அப்படித்தான் நடந்தது. அட்வான்ஸ் கொடுக்கும் சீட்டில் எழுதியிருந்ததால் திருப்பி வேனிலேயே ஏற்றச் சொல்ல முடிந்தது.

சீட்டில் எழுத வேண்டியவை:

பந்தியில் தண்ணீர் டம்ளரில்தான். பாட்டில் கிடையாது. காபிக்கு டவரா டம்ளர். மேசைக்குத் தாள் ரோல் கிடையாது, ஒவ்வொரு பந்திக்கும் ஈரத்துணியால் துடைக்க இரண்டு ஆள். ஊறுகாய், நெய், சர்க்கரை எதுவும் பாக்கெட்டில் வரக் கூடாது. இலையில் வைக்கும் எதுவும் உறையோடு வரக் கூடாது. ஐஸ்கிரீம் கப் கிடையாது. பார்சல் கேட்பவர்களுக்குத் தூக்குவாளி, இல்லாவிட்டால் வாழையிலையில் மடித்து நார்க் கட்டு.

பாக்கெட், உறை, ஐஸ்கிரீம் கப் மூன்றும் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் இலை எடுப்பவர் இலையை மடித்து அள்ளும்போது உள்ளே இருக்கும் பீடா உறை, ஐஸ்கிரீம் கரண்டி, பல்குச்சி உறை, டிஷ்யூ பேப்பர் எல்லாம் அதற்குள்ளேயே போய்விடும். எச்சில் இலையைப் பிரித்து அதைப் பொறுக்க யாருக்கும் கை வராது, யாரையும் செய்யச் சொல்லவும் கூடாது. அந்த இலை முழுவதும் உரத்துக்கு ஆகாமல் கெட்டுவிடும். இலையில் வைப்பது எல்லாமே மண்ணில் மக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற ஒரே விதியைச் சமையல்காரர் மனதில் பதிய வைத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. வெற்றிலையைச் சுருட்டிக் கிராம்பு குத்தி வைக்கலாம். ஐஸ்கிரீமுக்குப் பதில் கறுப்பரிசியில் செய்யும் கவுனி அரிசி இனிப்பு போடுங்கள், வெளியூர்க்காரர்கள் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள்.

அளவு பற்றியும் பேசுங்கள். நம் பந்தியில் வகை கூடக் கூட மிச்சமும் கூடுகிறது. பொரியலும் கூட்டுமாக ஆறு வகை என்றால் நாலாக்குங்கள், இலையில் கொஞ்சமாக வைத்து இரண்டாம் முறை கேட்டுப் பரிமாறச் சொல்லுங்கள். வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம் மாதிரி சுட்டுப் போடுவதையெல்லாம் பந்திக்குப் பந்தி சுடட்டும். கடைசிப் பந்திக்கு உலை வைக்கும் முன்பு ஒருவர் முகப்பிலும் பந்தலிலும் ஆள் எண்ணிவிட்டு வந்து சொல்ல வேண்டும். இதற்கென்று வீட்டு ஆள் ஒருவரை முன்பே குறித்து வையுங்கள்.

கேட்டு வாங்க வேண்டிய காகிதங்கள்: சமையல் காண்ட்ராக்டரின் உணவுப் பாதுகாப்பு உரிமம் அல்லது பதிவுச் சான்றின் நகல். 14 இலக்க எண் இருக்கும். சின்ன அளவில் செய்பவர்களுக்குப் பதிவுக் கட்டணம் மிகக் குறைவுதான், ஆகவே இல்லை என்று சொல்பவரிடம் யோசித்துப் போங்கள். ரசீதும், மேலே சொன்ன நிபந்தனைகள் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட சீட்டும் உங்களிடம் இருக்க வேண்டும்.

மளிகை நீங்கள் வாங்கிக் கொடுப்பதானால் எண்ணெயைப் பெரிய டின்னில் வாங்குங்கள், காலி டின்னுக்கு விலை உண்டு. பருப்பு, அரிசியைச் சாக்கில் வாங்குங்கள். பாலைப் பக்கத்துப் பால் சங்கத்திலோ பால்காரரிடமோ ஒரு வாரம் முன்பே சொல்லிக் கேனில் வாங்க முடிகிறதா பாருங்கள். 50 லிட்டரை அரை லிட்டர் பாக்கெட்டில் வாங்கினால் 100 பிளாஸ்டிக் உறை.

தண்ணீர்ச் செலவைப் பற்றிப் பலரும் பயப்படுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 பேருக்கு மூன்று வேளை, வேளைக்கு ஒரு சின்ன பாட்டில் என்றால் 900 பாட்டில். ஒன்று 6 ரூபாய் என்றாலும் 5,400 ரூபாய். அதே 900 சாப்பாட்டுக்கு ஆளுக்கு மூன்று டம்ளர், டம்ளருக்கு 200 மில்லி என்று தாராளமாக வைத்தால் 540 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் 27. கேன் 40 ரூபாய் என்றால் 1,080. டம்ளர் கழுவ இரண்டு பேருக்கு ஆளுக்கு 800 ரூபாய் கூலி வைத்தாலும் மொத்தம் 2,680 ரூபாய்தான். பாதிச் செலவு.

5. கடையில் ஏமாறும் இடங்கள்

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. ஆனாலும் கடையில் கேட்டால் கிடைக்கிறது, “இது பேப்பர்தானே”, “இது துணிதானே” என்று சொல்லியே விற்கிறார்கள். மூன்றை மட்டும் நன்றாக ஞாபகம் வையுங்கள்.

ஒன்று, தாம்பூலப் பை. கல்யாணக் கடைகளில் துணி மாதிரி இருக்கும் பளபளப்பான நான்-ஓவன் பையைக் காட்டுவார்கள். அது பிளாஸ்டிக் இழை, தடைப் பட்டியலில் பெயர் சொல்லியே இருக்கிறது. ஓரத்தில் ஒரு நூலை இழுத்துப் பாருங்கள். நெய்த துணியில் நூல் நூலாகப் பிரியும். இது பஞ்சுபோல் பிய்ந்து வரும்.

இரண்டு, பேப்பர் கப். உள்பக்கம் மெழுகு மாதிரி வழவழப்பாக இருப்பது பிளாஸ்டிக் பூச்சு. பூச்சுப் போட்ட கப்பும் தட்டும் தடையில் வரும்.

மூன்று, மேசைமேல் விரிக்கும் பிளாஸ்டிக் தாள். அதுவும் பட்டியலில் இருக்கிறது.

இவை போக, 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் வந்த தடையில் அலங்காரத் தெர்மாகோல், ஸ்வீட் பெட்டிக்கும் அழைப்பிதழுக்கும் மேலே சுற்றும் கண்ணாடித் தாள், பலூன் குச்சி, 100 மைக்ரானுக்குக் குறைந்த தடிமனுள்ள பிவிசி பேனர் எல்லாம் வருகின்றன. பெயர் எழுதத் தெர்மாகோல் எழுத்து ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள். பேனர் அவசியம் என்றால் துணியில் எழுதச் சொல்லுங்கள், பொது இடத்தில் வைப்பதற்குத் தனியாக அனுமதி வேண்டும்.

6. உள்ளாட்சி அலுவலகத்துக்குக் கடிதம் (பத்து நாள் முன்பு)

இது பலருக்கும் தெரியாத விஷயம். கல்யாண மண்டபம் மாதிரி உரிமம் பெற்ற இடமாக இல்லாமல், வீட்டிலோ திடலிலோ 100 பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி நடத்தினால், குறைந்தது மூன்று வேலை நாள் முன்பு உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும், கழிவைப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும் என்று 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருந்தது; இப்போதைய விதியை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நான் பத்து நாள் என்று சொல்வதற்குக் காரணம், நடுவில் விடுமுறை வரும், பார்க்க வேண்டியவர் வெளியே போயிருப்பார்.

யாரிடம் கொடுப்பது என்பது ஊரைப் பொறுத்தது. காரைக்குடி இப்போது மாநகராட்சி, தேவகோட்டை நகராட்சி, இரண்டிலும் சுகாதாரப் பிரிவில் சுகாதார ஆய்வாளரைப் பாருங்கள். கானாடுகாத்தான் மாதிரி பேரூராட்சியில் செயல் அலுவலர். ஆத்தங்குடி மாதிரி ஊராட்சியில் ஊராட்சிச் செயலர். செட்டிநாட்டு ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு மாவட்டத்திலும் பரவிக் கிடப்பதால் உங்கள் ஊர் எந்த மாவட்டம், எந்த ஒன்றியம் என்பதைச் சரியாக எழுதுங்கள்.

கடிதம் இப்படி இருந்தால் போதும்:

“எங்கள் பூர்வீக வீட்டில் (கதவு எண், தெரு) இன்ன தேதியில் குடும்ப விசேஷம் நடைபெறுகிறது. ஏறத்தாழ 300 பேர் வருவார்கள். உணவுக் கழிவையும் இலையையும் எங்கள் தோட்டத்திலேயே உரமாக்குகிறோம். உலர் கழிவையும் சுகாதாரக் கழிவையும் (டயப்பர், நாப்கின்) தனித்தனியாகக் கட்டி வைப்போம். மறுநாள் காலை வண்டி வந்து எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். கட்டணம் ஏதும் இருந்தால் செலுத்துகிறேன்.”

கூடவே அழைப்பிதழ், வீட்டு வரி ரசீது நகல், ஆதார் நகல், போன் எண். கடிதத்தை இரண்டு பிரதியாகக் கொண்டு போய் ஒன்றில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாங்காமல் வந்தால் மறுநாள் வண்டி வராதபோது காட்டுவதற்கு உங்களிடம் ஒன்றும் இருக்காது. பணம் கட்டச் சொன்னால் ரசீதோடு கட்டுங்கள். வண்டி ஓட்டுபவர், உங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் யார் என்று கேட்டு அவர்களிடமும் நேரில் சொல்லிவிட்டு வாருங்கள். விசேஷத்துக்கு அவர்களையும் அழையுங்கள், பந்தியில் உட்கார வைத்துச் சாப்பாடு போடுங்கள்.

7. உரக்குழி (ஒரு மாதம் முன்பு)

900 இலை, மிச்சத்தோடு இலைக்குக் கால் கிலோ என்று வைத்தால் 225 கிலோ. காய்கறித் தோல், பூ, காபித்தூள் எல்லாம் சேர்ந்து 300 கிலோ பக்கம் வரும். ஆறடி நீளம், நாலடி அகலம், மூன்றடி ஆழத்தில் ஒரு குழி போதும். எங்கள் பக்கத்து மண் செம்புறாங்கல் கலந்து இறுகிக் கிடக்கும். கோடையில் கடப்பாரை போட்டால் பொறி பறக்கும். முந்தின நாள் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டால் இரண்டு பேர் ஒரு நாளில் வெட்டி முடிப்பார்கள்.

கிணற்றுக்குப் பக்கத்தில் வேண்டாம். ஊரணிக்குத் தண்ணீர் போகும் வரத்துக்கால் ஓரத்திலும் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் விசேஷம் என்றால் குழியே வேண்டாம், தண்ணீர் நின்று அழுகி நாறும். தரைக்கு மேலே செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கித் தொட்டி மாதிரி கட்டி, மேலே கீற்றுப் போட்டுக்கொள்ளுங்கள்.

இலையைவிட முக்கியம் காய்ந்த சருகு. பச்சைக் கழிவுக்கு இரண்டு பங்கு சருகு வேண்டும். அதை ஒரு மாதமாகவே சாக்கில் சேர்த்து வையுங்கள். விசேஷத்தன்று தேடினால் கிடைக்காது. வேப்பஞ்சருகு, மாஞ்சருகு, வைக்கோல் எதுவானாலும் சரி. அடியில் அரையடி சருகு, மேலே ஒரு அடுக்கு இலை, அதன்மேல் சாணிக் கரைசல், மறுபடி சருகு. ஒவ்வொரு பந்தி முடிந்ததும் உடனே மூடிவிட்டால் ஈ வராது, நாய் கிளறாது. எச்சில் இலையைக் கத்தியால் இரண்டாக மூன்றாக வெட்டிப் போட்டால் சீக்கிரம் மக்கும். முழு இலையாகப் போட்டால் பாய் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு காற்று போகாது.

8. பந்தல், பூ, பத்திரிகை, தாம்பூலம்

பந்தல்காரரிடம் வாழை மரம், மாவிலை, தென்னங்குருத்துத் தோரணம், கூந்தப்பனை போதும் என்று சொல்லிவிடுங்கள். நடுவீட்டுக் கோலம் போட்ட வளவுக்கு, அதாவது வீட்டின் உள்முற்றப் பகுதிக்கு, அதற்கு மேல் அலங்காரம் எதற்கு? பூ ஆர்டர் கொடுக்கும்போது “வாழைநாரில் கட்டியது” என்று எழுதிக் கொடுங்கள். மாலைக்குள் நைலான் நூலும் ஜிகினாவும் இருந்தால் அது உரத்துக்கும் ஆகாது, மாடு தின்றாலும் கேடு. பூச் செருகும் பச்சை ஸ்பாஞ்சும் ஒருவகைப் பிளாஸ்டிக்தான், வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பத்திரிகையைப் பெரியவர்களுக்கும் நேரில் போய் அழைப்பவர்களுக்கும் மட்டும் அச்சடியுங்கள். லேமினேஷனும் தங்கத் தாளும் ஒட்டியதைப் பழைய பேப்பர் கடைக்காரர்கூட எடுக்க மாட்டார்.

தாம்பூலத்துக்கு மஞ்சள் துணிப்பை போதும். அரசு 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியதிலிருந்து மகளிர் சுய உதவிக் குழுக்கள் பல இதைத் தைத்துக் கொடுக்கின்றன. பெயர், தேதி அச்சடிக்க வேண்டாம் என்பது என் கருத்து. அச்சடிக்காத பையைத்தான் மறுநாள் கடைக்கு எடுத்துப் போகிறார்கள். இன்னும் அழகாக வேண்டும் என்றால் பனையோலையில் முடைந்த சின்னக் கூடையான கொட்டான். செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஒவ்வொன்றும் கையால் முடைவது, ஓலையைக் காய வைத்து, கிழித்து, சாயம் போட்டுப் பின்ன வேண்டும். 300 கொட்டான் வேண்டும் என்றால் மூன்று மாதம் முன்பே சொல்லி அட்வான்ஸ் கொடுங்கள். விலை பையைவிடக் கூடுதல்தான், ஆனால் வாங்கிப்போகும் வீடுகளில் வருஷக்கணக்கில் புழங்கும், பணமும் முடைந்த பெண்கள் கைக்குப் போகும்.

9. விசேஷத்தன்று யார் எங்கே நிற்பது

இலை எடுக்க இரண்டு பேர், குழியில் ஒருவர், டம்ளர் கழுவ இரண்டு பேர், எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வீட்டு ஆள் ஒருவர். இந்த ஆறு பேருக்கும் முந்தின நாள் சாயங்காலம் இடத்தைக் காட்டி ஒருமுறை செய்து பார்க்க வைத்துவிடுங்கள். வீட்டு ஆள் மாப்பிள்ளை வீட்டுக்கோ பெண் வீட்டுக்கோ நெருக்கமானவராக இருந்தால் சடங்குக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். கொஞ்சம் தூரத்துச் சொந்தமாகப் பாருங்கள்.

டம்ளர் கழுவும் இடத்தை வளவு முற்றத்தில் வைக்காதீர்கள். இரண்டாம் கட்டுக்குப் பின்னால், வாழை மரங்களுக்குத் தண்ணீர் ஓடும் பக்கமாக வையுங்கள். மூன்று அண்டா: முதலில் அலச, அடுத்தது தேய்க்க, மூன்றாவதில் கொதிக்கிற தண்ணீர். தேய்க்கச் சீயக்காய்த் தூளும் எலுமிச்சைத் தோலும் வைத்துக்கொண்டால் அந்தத் தண்ணீர் மரத்துக்கு ஊறு செய்யாது.

வீட்டில் தங்குபவர்களுக்குக் குளியலறையில் பாக்கெட் ஷாம்புவுக்குப் பதில் பெரிய பாட்டில் ஒன்று வையுங்கள். மூடியுள்ள தொட்டியும் பழைய நியூஸ்பேப்பரும் கட்டாயம் வேண்டும். குழந்தைகளின் டயப்பரும் நாப்கினும் பேப்பரில் சுற்றித் தனியாகப் போக வேண்டும், மற்றதோடு சேரக் கூடாது. இதற்கு உரக்குழியில் இடம் கிடையாது. இலக்கான 90 போக மிஞ்சும் 10 சதவீதத்தில் பெரும் பங்கு இதுவாகத்தான் இருக்கும்.

10. மிச்சச் சாப்பாடும் எண்ணெயும்

மிச்சமாகும் என்று தெரிந்தால் கொடுக்கும் இடத்தோடு ஒரு வாரம் முன்பே பேசி வையுங்கள்: முதியோர் இல்லம், விடுதி, பக்கத்துக் குடியிருப்பு. இலையில் பட்டதைக் கொடுக்கக் கூடாது. பாத்திரத்தில் கை படாமல் இருந்ததை, சூடு ஆறும் முன் மூடி, அந்த வேளைக்கே சாப்பிடும்படி கொண்டு சேருங்கள். நம் ஊர் வெயிலில் மதியச் சாப்பாட்டை இரவுக்கு அனுப்புவது ஆபத்து. தேங்காய்ச் சட்னி, தயிர் சேர்த்தது, கூட்டு மூன்றும் முதலில் கெடும், அவற்றை அனுப்பாதீர்கள்.

மாட்டுக்குப் போடுவதில் கவனமாக இருங்கள். மிச்சச் சோற்றை அண்டாவோடு மாட்டுக்கு முன்னால் கவிழ்ப்பதைப் பலர் புண்ணியம் என்று நினைக்கிறார்கள். ஒரே நேரத்தில் நிறையச் சோறு தின்றால் வயிற்றில் அமிலம் கூடி, உப்பசம் கண்டு, மாடு செத்தே போகும். அரிசி களைந்த கழுநீர், காய்கறித் தோல், சாப்பிடாத வாழையிலை கொடுக்கலாம். சோறு என்றால் பல வீட்டு மாடுகளுக்கு ஒரு பிடி ஒரு பிடியாகப் பிரித்துக் கொடுங்கள், மீதி குழிக்குப் போகட்டும்.

பொரித்த எண்ணெய் அடுத்த தலைவலி. உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி, எண்ணெயில் முனைவுச் சேர்மங்கள் (காய்ச்சக் காய்ச்ச எண்ணெயில் உண்டாகும் கெட்ட பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்கு ஆகாது. வீட்டில் அளக்க முடியாது. கறுத்து, நுரைத்து, பிசுபிசுப்பாகிவிட்டால் அது முடிந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். யாராவது குறைந்த விலைக்குக் கேட்டால் எங்கே போகிறது என்று தெரியாமல் கொடுக்காதீர்கள், ரோட்டுக்கடைச் சட்டியில் மறுபடி கொதிக்கும். பழைய எண்ணெயைப் பயோடீசலுக்கு எடுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன, காரைக்குடி ஹோட்டல்காரர்களிடம் கேட்டால் யார் வந்து எடுக்கிறார்கள் என்று சொல்வார்கள். ஆறவைத்து, வடிகட்டி, காலி டின்னில் ஊற்றி மூடி வையுங்கள். சாக்கடையிலோ குழியிலோ ஊற்றக் கூடாது.

11. மறுநாளும் அதற்குப் பிறகும்

காலையில் பந்தல்காரர்கள் பிரிக்க வரும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும். கிடக்கும் தாளையும் கயிற்றையும் கூட்டி நெருப்பு வைத்துவிட்டுப் போவது அவர்கள் வழக்கம். திறந்தவெளியில் குப்பை எரிப்பது சட்டப்படியும் குற்றம். எரிக்கக் கூடாது என்பதைக் கூலியின் கடைசித் தவணையோடு சேர்த்து முன்பே பேசிவிடுங்கள்.

அட்டைப்பெட்டி, டின், பாட்டில், சாக்கு எல்லாம் பழைய சாமான் கடைக்கு. எடை போடும்போது எண்ணிக்கையை நோட்டில் எழுதுங்கள். உள்ளாட்சி வண்டியில் ஏற்றும் மூட்டைகளையும் தொங்கு தராசில் நிறுத்துப் பாருங்கள். குழிக்குப் போனது 300 கிலோ, பழைய சாமான் கடைக்கு 40 கிலோ, வண்டிக்கு 30 கிலோ என்றால் மொத்தம் 370-இல் வண்டிக்குப் போனது 8 சதவீதம் சொச்சம். இலக்குக்குள் வந்துவிட்டீர்கள்.

டம்ளரையும் பித்தளையையும் எண்ணி, நோட்டில் எழுத்து வாரியாகச் சரிபார்த்து, முழுக்கக் காய வைத்தபிறகே சாமான் அறையில் அடுக்குங்கள். ஈரத்தோடு வைத்தால் அடுத்த விசேஷத்துக்கு எடுக்கும்போது பச்சைக் களிம்பு பிடித்திருக்கும்.

குழியைப் பத்து நாளுக்கு ஒருமுறை கிளறி, காய்ந்திருந்தால் தண்ணீர் தெளிக்க ஊரில் ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டுக் கிளம்புங்கள். கையில் எடுத்துப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. இரண்டு மூன்று மாதத்தில் கறுப்பாகப் பொலபொலவென்று ஆகிவிடும். சாப்பாட்டு உப்பு இருப்பதால் சின்ன நாற்றுக்கு நேராகப் போடாமல், ஒரு பங்கு உரத்துக்கு மூன்று பங்கு மண் கலந்து தென்னைக்கும் வாழைக்கும் போடச் சொல்லுங்கள்.